நிகழ்விடத்தின் குரல்

நுழையும்முன்

திரைப்படத்தைக் காட்சிக்கலை என்று சொல்லியே பழகிவிட்டோம். ஆயினும், அதன் பாதி செவிக்கு உரியது. நடிப்பவரின் பேச்சையும் சூழலின் ஓசையையும் படப்பிடிப்பு நடைபெறும் இடத்திலேயே பதிவுசெய்ய வேண்டுமா, பின்னர் ஓர் அறைக்குள் சேர்த்துக்கொண்டால் போதுமா என்னும் வினா திரைத்துறைக்கு மட்டும் உரியதன்று. நம் மொழிக்கும் உரியது. அவ்வினாவுக்கு ஒரு தமிழாசிரியர் தரும் விடை இக்கட்டுரை. ஏற்கவும் மறுக்கவும் இதில் இடமுண்டு.

மலையின் ஓசையைக் கேட்ட புலவர்

பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றாகிய மலைபடுகடாம், ஓசையால் பெயர்பெற்ற நூல். மலையை யானையாகவும், அம்மலையில் எழும் பலவகை ஓசைகளை அந்த யானையின் மதமாகவும் கருதியதால் இப்பெயர் அமைந்தது என்பர். நன்னனைக் காணச் செல்லும் கூத்தருக்கு வழிகாட்டும் பெருங்கௌசிகனார், வழியில் எவற்றைக் காணலாம் என்று சொல்வதோடு நிற்கவில்லை. எவற்றைக் கேட்கலாம் என்றும் ஒவ்வொன்றாக அடுக்குகிறார். அருவியின் ஒலி, யானை பிடிக்கும் குறவரின் ஆரவாரம், புலி பாய்ந்ததால் புண்பட்ட கணவரின் நோவு தணியக் கொடிச்சியர் பாடும் பாட்டு, தினை குற்றும் மகளிரின் வள்ளைப்பாட்டு, பன்றிகளை வெருட்டும் பறை என அப்பட்டியல் நீள்கிறது. கண்ணை மூடிக்கொண்டாலும் அது எந்த மலை, அங்கு வாழ்பவர் யாவர், அவர் செய்யும் தொழில் யாது என்பன நமக்குத் தெரிந்துவிடுகின்றன.

இது ஒரு புலவரின் தனித்திறன் மட்டுமன்று. தொல்காப்பியம் கருப்பொருள்களை வகைப்படுத்தும்போது உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் சேர்த்தே எண்ணுகிறது. குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, நெய்தலுக்கு மீன்கோட்பறை, பாலைக்குத் துடி எனப் பிற்கால இலக்கண நூல்கள் நிலந்தோறும் பறையைப் பிரித்துக் காட்டுகின்றன. ஒரு நிலத்தை அடையாளம் காண அதன் மரம் எவ்வளவு தேவையோ அவ்வளவு அதன் ஓசையும் தேவை என்பது நம் முன்னோர் கொண்ட கொள்கை. திணை மயங்கினால் அதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பறையை மாற்றி வைப்பவர் நிலத்தையே மாற்றி வைக்கிறார்.

இந்தக் கொள்கையை மனத்தில் இருத்திக்கொண்டு இன்றைய திரைப்படத்தைப் பார்ப்போம், கேட்போம். வயல்வரப்பில் இருவர் நின்று பேசுகின்றனர். காற்றில் நெற்கதிர் அசைகிறது. அசையும் ஓசை இல்லை. தொலைவில் ஒருவர் மாட்டை ஓட்டிச் செல்கிறார். அதட்டும் குரல் இல்லை. பேசுபவரின் குரலோ நான்கு சுவருக்குள், காதோரம் பேசுவதுபோல் வருகிறது. காட்சி மருத நிலத்தில் இருக்கிறது. குரல் சென்னையில், குளிரூட்டப்பட்ட ஓர் அறையில் இருக்கிறது. இப்பிரிவை நாம் இயல்பென்று ஏற்றுக்கொண்டுவிட்டோம். ஏற்றுக்கொண்டது தவறு என்பதே என் கருத்து.

இரவில் பேசிய முதற்படம்

இந்தியாவின் முதல் பேசும்படமாகிய ‘ஆலம் ஆரா’ 1931ஆம் ஆண்டு மார்ச் 14ஆம் நாள் பம்பாயில் வெளியானது. அர்தேஷிர் இரானி அதனை இயக்கினார். அப்படம் உருவான அரங்கத்திற்கு அருகில் இருப்புப்பாதை ஓடியது. பகல் முழுவதும் தொடர்வண்டிகளின் இரைச்சல். எனவே, வண்டிகள் ஓய்ந்த நள்ளிரவுக்குப் பின்னரே பெரும்பாலான காட்சிகளைப் படமாக்கினர். ஒலிவாங்கிகளைப் படக்கருவியின் பார்வையில் படாதவாறு நடிகர்களுக்கு அருகில் மறைத்து வைத்தனர். பாடலையும் அங்கேயே பாடினர். இசைக்கருவிகளை வாசிப்போர் காட்சியின் எல்லைக்கு வெளியே இருந்து வாசித்தனர்.

அதே ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் தமிழின் முதல் பேசும்படம் எனப்படும் ‘காளிதாஸ்’ வெளியானது. அதன் நாயகி டி.பி. இராஜலட்சுமி தமிழில் பேச, நாயகர் தெலுங்கில் பேசினார். இன்று இது நகைப்புக்கு உரியதாகத் தோன்றலாம். ஆயின், அதற்குள் ஓர் உண்மை இருக்கிறது. யார் வாயசைத்தாரோ அவர் குரலே கேட்டது. அவருக்குத் தெரிந்த மொழியே கேட்டது. ஒருவர் உடலுக்கு மற்றொருவர் குரலைப் பொருத்தும் வழி அப்போது இல்லை. எம்.கே. தியாகராஜ பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் நடிகர்களாகத் திகழ்ந்ததற்கு அவர்தம் குரல்வளமே முதற்காரணம் என்பதை நாம் அறிவோம்.

1938இல் ஏவி. மெய்யப்பன் தயாரித்த ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிக் குரல் கொடுக்கும் முறை தமிழுக்கு வந்தது. அதன்பின் பாட்டு மெல்ல மெல்ல நடிகரிடமிருந்து பிரிந்தது. பேச்சு உடனே பிரிந்துவிடவில்லை. வெளியோசை புகாத தளங்களைச் சென்னையில் கட்டினர். படக்கருவியின் இரைச்சல் வெளியே கேளாதவாறு அதற்குக் கனத்த உறையிட்டனர். தளத்திற்குள் பேசிய உரையாடல் தளத்திற்குள்ளேயே பதிவானது.

பேச்சையும் பிரித்தது ஒரு படக்கருவி என்றால் நம்பலாம். கையில் தூக்கிச் செல்லத்தக்க ஆரிஃபிளெக்ஸ் 2சி போன்ற எடை குறைந்த கருவிகள் பரவியபோது திரைப்படம் அரங்கை விட்டு வெளியேறியது. ஆறு, மலை, தெரு, வயல் என எங்கும் சென்று படம்பிடிக்க முடிந்தது. அது தமிழ்த் திரைக்கு நேர்ந்த பெரும்பேறு. ஆயின், அக்கருவிக்குள் படச்சுருள் ஓடும்போது தையல் இயந்திரம் போலக் கடகடவென்று ஓசை எழும். அந்த ஓசையோடு உரையாடலைப் பதிவுசெய்து பயன் இல்லை. எனவே, படப்பிடிப்பில் பதிவாகும் ஒலி வெறும் வழிகாட்டி ஒலியாயிற்று. திரைத்துறையினர் அதனைப் பைலட் டிராக் என்பர். பின்னர் அதைக் கேட்டுக்கேட்டு, திரையில் உதடு அசைவதைப் பார்த்து, அறைக்குள் நின்று மீண்டும் பேசுவதே டப்பிங் எனப்படும் குரல்பதிப்பு. கிராமத்து மண் திரைக்கு வந்த அதே காலத்தில் அந்த மண்ணின் ஓசை திரையை விட்டுப் போனது.

இன்று படச்சுருளும் இல்லை, கடகட ஓசையும் இல்லை. எண்மப் படக்கருவிகள் ஏறத்தாழ ஓசையின்றியே இயங்குகின்றன. குரலைப் பிரித்து வைத்ததற்கான காரணம் போய்விட்டது; பழக்கம் மட்டும் எஞ்சி நிற்கிறது.

தெரியுமா?

போலந்தில் பிறந்து சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ஸ்டீபன் குடெல்ஸ்கி என்னும் பொறியாளர், தோளில் தொங்கவிட்டுச் செல்லத்தக்க ஒலிப்பதிவுக் கருவியை 1951இல் உருவாக்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘நாக்ரா’. போலந்து மொழியில் ‘பதிவுசெய்யும்’ என்பது இதன் பொருள். எண்மக் கருவிகள் வரும்வரை உலகின் பல நாடுகளில் படப்பிடிப்பு இடங்களின் ஒலி இக்கருவியிலேயே பதிவானது.

பழக்கம் செய்யும் கேடு

குரல் பின்னர் சேர்க்கப்படும் என்று தெரிந்துவிட்டால், படப்பிடிப்புத் தளத்தில் யாரும் வாய்மூடி இருக்க வேண்டிய தேவை இல்லை. காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்குநர் உரத்த குரலில், “திரும்பு, இப்போது பார், அழு” என்று ஆணையிடலாம். உதவி இயக்குநர் ஒருவர் படக்கருவிக்குப் பக்கத்தில் நின்று உரையாடலை ஒவ்வொரு வரியாகச் சொல்லிக் கொடுக்கலாம். நடிப்பவர் அதைக் கேட்டுத் திருப்பிச் சொன்னால் போதும். மின்னாக்கி இரையலாம்; தேநீர்க் குவளைகள் மோதலாம். இவை எவையும் திரையில் தெரியப்போவதில்லை.

ஆனால், நடிப்பில் தெரியும். எதிரில் நிற்பவர் சொன்னதைக் காதில் வாங்கி, அது நெஞ்சில் தைத்து, அதனால் எழும் சொல்லுக்கும், பக்கத்தில் ஒருவர் எடுத்துக் கொடுத்த சொல்லுக்கும் வேறுபாடு உண்டு. மேடை நாடகம் பார்த்தவர்களுக்கும் தெருக்கூத்துப் பார்த்தவர்களுக்கும் இவ்வேறுபாட்டை விளக்க வேண்டுவதில்லை. மூச்சு எங்கே நின்றது, எந்த எழுத்தில் குரல் உடைந்தது, சொல்லவந்து விழுங்கிய சொல் எது என்பனவெல்லாம் அந்த நொடிக்கு உரியவை. மாதங்கள் கழித்து, அறைக்குள் தனியாக நின்று, எதிரே ஆளில்லாமல், உதட்டசைவுக்குள் சொற்களை அடக்கிப் பேசும்போது அந்த மூச்சை நடிகர் நினைவிலிருந்து செய்துகாட்ட வேண்டியிருக்கிறது. தேர்ந்த நடிகர் சிறப்பாகவே செய்துவிடுவார். ஆயினும் அது செய்துகாட்டியதுதான், நிகழ்ந்தது அன்று.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தமிழாசிரியன் என்னும் முறையில் என்னை வருத்துவது அதுவே. தமிழ், எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வெகுவாக விலகி நிற்கும் மொழி. பேச்சு வழக்கிலும் நெல்லைக்கு ஒன்று, கொங்கு நாட்டுக்கு ஒன்று, குமரிக்கு ஒன்று, மதுரைக்கு ஒன்று, வடசென்னைக்கு ஒன்று எனப் பல. இவ்வழக்குகளின் வேறுபாடு சொற்களில் மட்டும் இல்லை. சொற்கள் வேறுபட்டால் எழுதி வைத்துக்கொள்ளலாம், அகராதி தொகுக்கலாம். வினாவின் முடிவில் குரல் ஏறுவதா இறங்குவதா, எந்த உயிரை நீட்டுவது, எதைக் குறுக்குவது, இரண்டு சொற்களுக்கு இடையே எவ்வளவு பொறுப்பது ஆகியவற்றை எந்த எழுத்தும் பிடித்துவைக்காது. ஒலிப்பதிவு ஒன்றே பிடித்துவைக்கும். ஓர் ஊரில் படமெடுக்கச் சென்று, அவ்வூர் மக்களையே நடிக்க வைத்து, அவர்கள் பேசியதை வழிகாட்டி ஒலி என்று தள்ளிவிட்டு, அவர்களுக்காக வேறு யாரையோ வட்டார வழக்குப் ‘போல’ப் பேச வைக்கும்போது நாம் எதை இழக்கிறோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். வட்டார வழக்கு என்றால் சில சொற்களை மாற்றிப் போட்டு, சற்றே இழுத்துப் பேசினால் போதும் என்னும் எண்ணம் நம் இளைஞரிடையே பரவியிருப்பதற்குத் திரைப்படங்களும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

மறுப்புரைகள்

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவை வலுவற்றவை அல்ல.

குரல்பதிப்பும் ஒரு கலையே என்பது முதல் மறுப்பு. மறுக்க இயலாத உண்மை. திரையில் முகம் தெரியாமல், ஒரே நாளில் ஒரு தாய்க்கும் ஒரு குழந்தைக்கும் குரல் கொடுத்துவிட்டு வீடு திரும்பும் கலைஞர்கள் நம்மிடையே உண்டு. தமிழ்நாடு அரசின் திரைப்பட விருதுகளில் பின்னணிக் குரல் கொடுப்போர்க்கும் தனியே விருது வழங்கப்படுகிறது. அவர்தம் திறனைக் குறைத்து மதிப்பிடுவது என் நோக்கமன்று. மொழிமாற்றுப் படங்களுக்கும், தமிழறியாத ஒருவர் நடிக்க நேரும் இடங்களுக்கும் அவர்கள் இன்றியமையாதவர்கள். தமிழ் பேசத் தெரிந்தவர், தமிழ் பேசும் ஊரில் நின்று, தமிழில் பேசி நடித்ததையும் ஏன் அழித்துவிட்டுத் திரும்பப் பதிய வேண்டும் என்பதே என் வினா.

குரலைப் பின்னர் சேர்த்தும் உலகத்தரமான படங்களை எடுத்தார்களே என்பது அடுத்த மறுப்பு. ஆம், இத்தாலியில் எடுத்தார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் அங்கு எழுந்த புகழ்மிக்க படங்கள் பலவற்றில் உரையாடல் பின்னரே சேர்க்கப்பட்டது. பெடெரிகோ பெலினி, படப்பிடிப்பின்போது நடிகர்களை உரையாடலுக்கு மாற்றாக எண்களைச் சொல்ல வைத்ததும் உண்டு என்பர். கனவும் நனவும் கலந்த பெலினியின் உலகுக்கு அது பொருந்தியிருக்கலாம். நம் படங்களில் பெரும்பாலானவை கனவுலகைக் காட்டுபவை அல்ல. இன்ன ஊர், இன்ன தெரு, இன்ன சாதியார், இன்ன தொழிலார் என்று குறிப்பிட்டுக் காட்டுபவை. அவற்றுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

மூன்றாவது மறுப்பு பொருட்செலவு பற்றியது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். வண்டிகளை நிறுத்த வேண்டும். ஓசை குறுக்கிட்டால் காட்சியை மீண்டும் எடுக்க வேண்டும். நேரம் கூடும், நேரம் கூடினால் செலவு கூடும். இதில் உண்மை இருக்கிறது. ஆடி மாதத்தில் ஊர்தோறும் ஒலிபெருக்கி முழங்கும் நாட்டில் அமைதியைத் தேடுவது எளிதன்று. ஆயினும், குரல்பதிப்புக்கு ஆகும் செலவையும் நாள்களையும் மறுதட்டில் வைத்துப் பார்த்தவர் மிகச் சிலரே. மேலும், இது இயலாத செயல் அன்று என்பதற்குச் சான்றுகள் நம் கண்முன் உள்ளன. 2000இல் வெளிவந்த ‘ஹே ராம்’, 2004இல் வெளிவந்த ‘விருமாண்டி’ ஆகிய கமல்ஹாசனின் படங்கள் நேரடி ஒலிப்பதிவில் உருவானவை. இந்தியில் 2001இல் வெளிவந்த ‘லகான்’, கட்ச் பகுதியின் திறந்தவெளியில் பெருங்கூட்டத்தை வைத்துக்கொண்டு நேரடியாக ஒலிபதிந்து, அவ்வாண்டின் ஒலிப்பதிவுக்கான தேசிய விருதையும் பெற்றது. மும்பையின் நெருக்கடி மிகுந்த தெருக்களில் படமான ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ படத்தின் ஒலிக்காகக் கேரளத்தைச் சேர்ந்த ரசூல் பூக்குட்டி 2009இல் ஆஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார். மும்பைத் தெருவில் இயன்றது மன்னார்குடித் தெருவில் இயலாதா?

2009ஆம் ஆண்டுப் படங்களுக்கான 57ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் முதல், ஒலிப்பதிவுக்கான விருதை மூன்றாகப் பிரித்து, படப்பிடிப்பு இடத்தில் ஒலிபதிபவர்க்குத் தனி விருது சில ஆண்டுகள் வழங்கி வந்தனர். நல்ல முடிவு. ஆயின், 2022இல் அறிவிக்கப்பட்ட 68ஆவது விருதுகளில் ஒரு சிக்கல் எழுந்தது. இவ்விருதைப் பெற்ற ‘டொள்ளு’ என்னும் கன்னடப் படம் நேரடி ஒலிப்பதிவில் உருவானதன்று, குரல்பதிப்புச் செய்யப்பட்டது என்று அப்படத்தின் ஒலி வடிவமைப்பாளரே வெளிப்படையாகத் தெரிவித்தார். யாரைக் குறைகூறுவது என்பதன்று இங்குக் கருதத்தக்கது. இடத்தில் பதிந்த குரலையும் அறையில் பதிந்த குரலையும் வேறுபடுத்திக் காணும் செவி நம்மிடம் எவ்வளவு மழுங்கியிருக்கிறது என்பதே கருதத்தக்கது. பயன்படுத்தாத புலன் மழுங்கத்தான் செய்யும்.

செவியால் செய்யும் தொழில்

படப்பிடிப்பு இடத்தில் ஒலிபதிபவரின் வேலை யாது? நல்ல கருவியை வாங்கிப் பொத்தானை அழுத்துவது என்று பலர் நினைக்கின்றனர். கருவி முதன்மையானதன்று, தொலைவே முதன்மையானது. நீங்கள் இயற்பியலில் படிக்கும் எதிர்விகித இருமடி விதி இங்கும் செல்லும். திறந்தவெளியில் பேசுபவருக்கும் ஒலிவாங்கிக்கும் இடையே உள்ள தொலைவு இருமடங்கானால், ஒலிவாங்கியை அடையும் குரலின் அளவு 6 டெசிபல் குறையும். சூழலின் இரைச்சல் எங்கும் பரவியிருப்பதால் அது அவ்வாறு குறைவதில்லை. குரல் தேய இரைச்சல் ஓங்குகிறது. விலையுயர்ந்த ஒலிவாங்கி பத்தடி தள்ளி நின்று கேட்பதைவிட, எளிய ஒலிவாங்கி இரண்டடிக்குள் நின்று கேட்பது மேல்.

அதனால்தான் நீண்ட கழியின் முனையில் ஒலிவாங்கியைப் பொருத்தி, நடிப்பவரின் தலைக்குமேல், படச்சட்டத்தின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் ஒருவர் பிடித்து நிற்கிறார். அவரைப் பூம் இயக்குபவர் என்பர். படப்பிடிப்பைப் பார்க்கச் செல்வோர் அவரைக் கடைநிலை உதவியாளர் என்று எண்ணிவிடுவதுண்டு. உண்மையில் அவர் உரையாடல் முழுவதையும் மனப்பாடம் செய்திருக்க வேண்டும். யார் எப்போது பேசுவார், எப்போது முகம் திருப்புவார் என்று முன்கூட்டியே அறிந்து கழியைத் திருப்ப வேண்டும்; கழியின் நிழல் நடிகரின் முகத்தில் விழக்கூடாது; ஐந்து நிமிடக் காட்சியானாலும் கை நடுங்கக்கூடாது. கழி எட்டாத தொலைக்காட்சிகளில் ஆடைக்குள் காலர் மைக்கைப் பொருத்துவர். அங்கே வேறொரு போராட்டம் தொடங்கும்: பட்டுச்சேலையின் சரசரப்பு, தாலிச்சரடு உரசும் ஓசை, வளையல். ஆடை வடிவமைப்பாளரோடு ஒலிபதிபவர் முன்னதாகவே பேசியிருந்தால் பாதித் தொல்லை தீரும். நடைமுறையில் அவரை அழைப்பதே படப்பிடிப்புக்கு முதல்நாள்தான்.

காட்சி தொடங்குமுன் மின்விசிறியை நிறுத்த வேண்டும். குளிர்ப்பெட்டியை நிறுத்த வேண்டும். பிறர் வீட்டில் படமெடுக்கும்போது குளிர்ப்பெட்டியை மீண்டும் இயக்க மறந்து, உள்ளிருக்கும் பாலும் காய்கறியும் கெடுவது அடிக்கடி நேர்வது. அதற்கு ஒலிபதிபவர்கள் ஓர் உத்தி வைத்திருக்கின்றனர். தம் வண்டிச் சாவியைக் குளிர்ப்பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள்; வீடு திரும்ப வேண்டுமானால் அதைத் திறந்தே ஆக வேண்டும்! வெட்டி ஒட்டுவதில் எழும் சிக்கலையும் அவர் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் பேசும்போது தொலைவில் தொடர்வண்டி கூவினால், மற்றவர் முகத்தைக் காட்டும் துண்டில் அக்கூவல் இராது. இரண்டையும் இணைத்தால் கூவல் நடுவில் அறுபடும், பார்ப்பவர் திடுக்கிடுவார். ஆகவே “இன்னொரு முறை எடுக்கலாம்” என்று சொல்லும் துணிவும் அவருக்கு வேண்டும். ஒளி மறைவதற்குள் காட்சியை முடிக்கத் துடிக்கும் படக்குழுவில் அப்படிச் சொல்பவரை யாரும் விரும்புவதில்லை.

இடத்தின் அமைதியையும் பதிந்துகொள்வது இத்தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காட்சி முடிந்ததும் அனைவரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, யாரும் பேசாத நிலையில் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ பதிவுசெய்வர். ‘ரூம் டோன்’ என்பது அதன் பெயர். வெற்று அமைதி என்று ஒன்று இல்லை. ஓட்டுவீட்டின் அமைதி வேறு, கான்கிரீட் வீட்டின் அமைதி வேறு, உச்சிவெயிலில் புளியமரத்தடியின் அமைதி வேறு. படத்தொகுப்பில் இரண்டு உரையாடல்களுக்கு இடையே வெற்றிடம் விழும்போது அதை இந்த அமைதியைக் கொண்டே நிரப்புகின்றனர்.

உங்கள் கையில் உள்ள கருவி

இன்று பதினொன்றாம் வகுப்பு மாணவர் பலர் திறன்பேசியில் குறும்படம் எடுக்கின்றனர். எங்கள் பள்ளி மாணவர் சிலர், நெசவுத்தொழிலை விட்டுவிட்ட ஒரு முதியவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்து வந்தனர். படம் நேர்த்தியாக இருந்தது. தறிக்குழியின் மீது விழும் ஒளியைக் கூட அழகாகப் பிடித்திருந்தார்கள். முதியவர் பேசத் தொடங்கியபோது காற்றின் உறுமலும் சாலையின் இரைச்சலுமே கேட்டன. திறன்பேசி அவரிடமிருந்து எட்டடி தள்ளி, வாயிற்படிக்கு வெளியே இருந்திருக்கிறது. “சொன்னதை வசனமாக எழுதிப் போட்டுவிடலாம் ஐயா” என்றார் ஒரு மாணவி. எழுதிப் போட்டார்கள். அவர் தறியின் உறுப்புகளுக்குச் சொன்ன பெயர்கள் எழுத்தில் வந்துவிட்டன. அந்தப் பெயர்களை அவர் சொன்ன விதம் வரவில்லை. பாவு அறுந்த கதையைச் சொல்லும்போது குரல் எங்கே தழுதழுத்தது என்பதும் வரவில்லை. மீண்டும் சென்று பதியலாம் என்று அவர்கள் திட்டமிட்டிருந்த கோடை விடுமுறைக்குள் அவர் காலமாகிவிட்டார்.

ஆகவே, குறும்படம் எடுக்கும் மாணவர்க்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். படமெடுக்க ஒரு திறன்பேசியும் ஒலிபதிய மற்றொரு திறன்பேசியும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைப் பேசுபவரின் சட்டைப்பையிலோ, படத்தில் தெரியாதவாறு அவருக்கு மிக அருகிலோ வையுங்கள். இரண்டும் இயங்கத் தொடங்கியதும் படக்கருவியின் முன் ஒருமுறை கைதட்டுங்கள். திரைப்படத்தில் கிளாப் பலகை அடிப்பதும் இதற்காகவே. நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் படத்தில், உள்ளங்கைகள் சேரும் சட்டகத்தையும் தட்டிய ஓசை எழும் இடத்தையும் பொருத்திவிட்டால் உதடும் குரலும் ஒன்றாகிவிடும். காற்று வீசும் இடத்தில் ஒலிவாங்கியின் மேல் மெல்லிய பஞ்சுறையிடுங்கள். இல்லையேல் காற்றுக்கு முதுகைக் காட்டி அமரச் செய்யுங்கள். காதொலிப்பானை மாட்டிக்கொண்டு, பதிவான ஒரு சிறு பகுதியை அங்கேயே கேட்டுப் பாருங்கள். நேரில் கேட்கும்போது நம் மூளை வேண்டாத இரைச்சலை ஒதுக்கிவிடும். ஒலிவாங்கிக்கு அந்த அறிவு இல்லை. திறன்பேசிகள் பலவும், பேச்சு நிற்கும்போது ஒலியளவைத் தாமாகவே ஏற்றிக்கொள்வதால் பின்னோசை திடீரென்று பெருகும். அதை நிறுத்தி வைக்கும் வசதியுள்ள செயலியைப் பயன்படுத்துவது நலம்.

இரைச்சலை நீக்கித்தரும் மென்பொருள்கள் வந்துவிட்டனவே என்று நீங்கள் கேட்கலாம். வந்துவிட்டன, ஓரளவு நீக்கியும் தருகின்றன. ஆனால், அவை இரைச்சலோடு சேர்த்துக் குரலின் ஓரங்களையும் செதுக்கிவிடுகின்றன. ழகர, ளகர, லகர வேறுபாடும் மெய்யெழுத்துகளின் மெல்லிய உராய்வும் முதலில் அடிபடுகின்றன. பதிவாகாத ஒன்றை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. தருவதுபோல் ஊகித்து நிரப்பும். நிரப்பியது அந்த முதியவரின் குரல் அன்று.

படத்தை முடித்துப் போட்டிக்கு அனுப்பியபின், இடம் போதவில்லை என்று மூல ஒலிக்கோப்புகளை அழித்துவிடுவது மாணவர் வழக்கம். திரைத்துறையிலும் வழிகாட்டி ஒலிகளுக்கு நேர்ந்த கதி அதுவே. எத்தனையோ ஊர் மக்கள் தம் சொந்த வழக்கில் பேசிய பேச்சு அவ்வாறு போயிற்று. கோப்பின் பெயரில் பேசியவர் பெயர், ஊர், நாள், பேசிய பொருள் ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். ஒரு படியைப் பள்ளிக் கணினியிலும் மற்றொரு படியை வேறோர் இடத்திலும் சேமியுங்கள். பேசியவர் வீட்டாருக்கும் ஒரு படி கொடுங்கள்.